பதினோராம் நம்பர் சப்பாத்து

"அவன் என்ர பிள்ளையை என்னவோ செய்துபோட்டான். என்ன செய்தவன் எண்டதை மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

ஜெகதீஸ்வரி அம்மா இதைச் சொல்லும்போது அழவில்லை. கல்வித் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் லிகிதராக இருந்தவர். அலுவலகக் கோப்பொன்றை நீட்டுவது போல நிதானமாகச் சொன்னார். கணவர் சிவபாலன் இறந்து நான்கு வருடமாகிறது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார்.

எதிரே உட்கார்ந்திருந்த மர்ஸூக் தலையை ஆட்டினார். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிப்பதே வேலையாக இருபது வருடம் இருந்துவிட்டு, இப்போது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். அவரோடு வந்திருந்தவள் லவினா. வயது முப்பத்தாறு. அவருடைய ஒரே உதவியாளர். வாய்க்குப் பூட்டு வாங்க மறந்து பிறந்தவள்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் மர்ஸூக்.

மகன் வினோதன் 2011-இல் மலேசியாவுக்குப் போனான். அப்போது இருபத்தாறு வயது. சாப்பாட்டுக்கடைகளில் வேலை. 2015 வரை படங்கள் அனுப்பினான். பிறகு படம் இல்லை, குரல் மட்டும். 2018-க்குப் பிறகு குரலும் இல்லை, எழுத்து மட்டும். 2020-இல் அதுவும் நின்றுபோனது. மூன்று கிழமைக்கு முன்னால் ஒருவன் கதவைத் தட்டி "அம்மா" என்றான்.

அம்மா இரண்டு படங்களை மேசையில் வைத்தார். ஒன்று யாரோ உறவினர் கலியாணத்தில் எடுத்தது. மெலிந்த முகம், கூரிய மூக்கு, சினிமாவுக்குப் போகலாம் போன்ற சிரிப்பு. மற்றது பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் எடுத்துக்கொடுத்தது. புருவ எலும்பு துருத்தி, மூக்கு பரந்து, கீழ்த்தாடை முன்னால் வந்து, பற்களுக்கிடையில் பென்சில் போகுமளவு இடைவெளி விட்டு ஒரு முகம்.

"என்னட்டைக் கேட்டா, இவர் அவரைச் சாப்பிட்டிருப்பார்" என்றாள் லவினா, மர்ஸூக்குக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"அவனுக்கு எங்கட வீட்டுக் கதை எல்லாம் தெரியும்" என்றார் அம்மா. "பிள்ளையின்ர அடையாள அட்டை வைச்சிருக்கிறான். நாங்கள் போட்டுவிட்ட மோதிரம் வைச்சிருக்கிறான். அது அவன்ர சின்ன விரல் நகத்தைத் தாண்டிப் போகாது. நூலில கட்டிக் கழுத்தில போட்டிருக்கிறான். என்ர பிள்ளையிட்ட இருந்து பறிக்காமல் அதெல்லாம் எப்பிடி வரும்?"

"பொலிசுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னனான். சிரிச்சினம். மலேசியாச் சாப்பாட்டில மகன் கொழுத்துப் போனார் எண்டினம்."

"அன்ரி, டி.என்.ஏ. பாத்தா ஒரேயடியா முடிஞ்சிருமே" என்றாள் லவினா.

"என்ர பிள்ளை ஆரெண்டு எனக்குச் சொல்ல ஒரு மெஷின் வேணுமோ?"



மூன்றாவது முறை அந்த ஆள் வந்தபோது அம்மா கத்தியிருக்கிறார். அயல் முழுதும் கூடிவிட்டது. வாசலில் கழற்றிய சப்பாத்தைக்கூடப் போடாமல் அவன் படியிறங்கி ஓடியிருக்கிறான். அம்மா உள்ளே போய்ப் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். பதினோராம் நம்பர் சப்பாத்து. இரண்டு பக்கமும் வெட்டி அகலமாக்கித் தைத்தது. பிறகு இன்னொரு பெட்டியைத் திறந்தார். வினோதன் போகும்போது விட்டுப்போனது. எட்டாம் நம்பர்.

"நாப்பது வயசில ஒருத்தனுக்குக் கால் வளருமோ?" என்று கேட்டார். "இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

இரண்டு சோடியையும் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கியபோது மர்ஸூக் யோசனையாக இருந்தார்.

"என்ன சேர்?"

"மகனக் கொண்ணுபோட்டான் எண்டு சொல்றாங்க. ஆனா அவன்ட சப்பாத்தத் தூசி துடைச்சுத் தாளில சுத்தி வச்சிருக்காங்க. களவாணிட சப்பாத்த யாரு துடைப்பாங்க?"

"சுத்தக்காரி சேர். யாழ்ப்பாணத்து அன்ரிமார் குப்பையையும் கழுவித்தான் கொட்டுவினம்."

மர்ஸூக் சிரித்தார். அந்தக் கேள்வியை அங்கேயே விட்டார். பிறகு பல நாள் அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

*

ஆளின் முகவரி யாருக்கும் தெரியாது. கையில் இருந்ததெல்லாம் சப்பாத்துதான். பஸ்ஸில் லவினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சிட்டன்" என்றாள் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள்.

"கொலைகாரனையா?"

"தைச்ச ஆளை. இந்த நீல நூலைப் பாருங்க. இது சப்பாத்து நூலில்ல, மீன் வலை நூல். முகத்துவாரத்துல வாங்கி இதால சப்பாத்துத் தைக்கிறது கொழும்பிலேயே ஒரு ஆள்தான். எங்கட கொட்டாஞ்சேனைப் பழனியம்மாக்கா. சின்ன வயசில முதல் நன்மைப் பூசைக்குப் போட்ட என்ட சப்பாத்தையும் அவதான் தைச்சவ. சப்பாத்து செத்தும் நூல் சாகல."

பழனியம்மா சந்தியில் ஒரு குடைக்குக் கீழே சாக்குவிரிப்பில் உட்கார்ந்திருந்தாள். கணவன் செய்த தொழிலை அவன் போன பிறகு எடுத்து நடத்துகிறவள். பதினோராம் நம்பரைப் பார்த்ததும் அடையாளம் கண்டாள்.

"அந்தப் பெரிய மொகத்துக்காரரோடது. பாவங்க. றஸ்மியா வீட்டு மாடியில ரூம் எடுத்திருக்காரு. ரெண்டு வாட்டி அகலமாக்கிக் குடுத்தேன். ஒவ்வொரு வாட்டியும் வந்து இந்தக் குடையில இடிப்பாரு."

"குடிக்கிறவரா?" என்று கேட்டார் மர்ஸூக்.

"ஐயையோ, இல்லைங்க. நேரே வெச்சா ஊசியில நூல் கோத்துடுவாரு. பக்கத்துல வண்டி வந்தாலும் தெரியாது. குதிரைக்குக் கண்ணுல பட்டை கட்டின மாதிரி."

மர்ஸூக் சப்பாத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தபோது மற்றச் சோடி வெளியே சரிந்தது. பழனியம்மா எட்டாம் நம்பரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவரோட பழசா? தோலு நல்ல தோலு."

லவினா சிரித்துவிட்டாள். "அக்கா, அது எட்டு. இது பதினொண்டு. இந்த எட்டுக்குள்ள அவர்ட பெருவிரல்தான் போகும்."

"நம்பரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் அடியத்தான் பாப்பேன்." இரண்டு சப்பாத்தையும் கவிழ்த்து வைத்தாள். "இங்க பாரு. எடது குதி வெளிப்பக்கமா தேஞ்சிருக்கா? இதுலயும் அப்பிடித்தான். வலது முன்னால, பெருவிரலுக்குக் கீழ வட்டமா ஒரு தேய்வு. இதுலயும் அதே வட்டம். காலு பெருசாகலாம், சிறுசாகலாம். நடை ஒண்ணுதான். ஒரே ஆளுதாங்க நடந்திருக்காரு."

லவினாவின் சிரிப்பு நின்றது. மர்ஸூக் கீழே குந்தி, நான்கு அடிகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"சேர், நாப்பது வயசில வயிறு வளரும். கடன் வளரும். கால் எப்பிடி வளரும்?"

"அதத் தெரிஞ்ச ஆள்கிட்டப் போவோம்" என்றார் அவர், எழுந்து.

*

டொக்டர் ஜெஸீமா மர்ஸூக்கின் தங்கை மகள். மாளிகாவத்தையில் ஒரு சிறிய தனியார் வைத்திய நிலையத்தில் மத்தியானங்களில் நோயாளர்களைப் பார்க்கிறாள். சுரப்பிகளைப் பற்றியே படித்தவள். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கலியாணப் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். மோதிரத்தையும் சப்பாத்தையும் குரலையும் குடையையும் பற்றிச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"மாமா, இவர் எங்க?"

"என்ன நோய் எண்டு சொல்லுங்க மகள்."

அவள் தன் மூக்கின் மேல் விரலை வைத்தாள். "இதுக்கு நேரே பின்னால, மூளைக்குக் கீழ, கடலை அளவுல ஒரு சுரப்பி இருக்கு. கபச்சுரப்பி. அது ஹோர்மோன இரத்தத்துல விடும். கோட்டை ஸ்டேஷன்ல மைக்ல 'மாத்தறை ரயில்' எண்டு சொன்னா எல்லாருக்கும் கேக்கும்தானே? ஆனா மாத்தறைக்குப் போறவன் மட்டும்தான் எழும்புவான். ஹோர்மோனும் அப்பிடித்தான். இரத்தத்துல உடம்பெல்லாம் போகும், அதுக்கு உரிய உறுப்பு மட்டும் எழும்பும். கழுத்துச் சுரப்பிக்கு ஒரு அறிவிப்பு. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற சுரப்பிக்கு ஒண்டு. எலும்புக்கு ஒண்டு, வளரச் சொல்லி."

"வளந்து முடிஞ்சா?"

"போதும் எண்டு உடம்பு திருப்பிச் சொல்லும். சுரப்பி குறைச்சுக்கொள்ளும். இவருக்கு அந்தச் சுரப்பியில கட்டி வந்திருக்கு. கட்டிக்கு 'போதும்' கேக்காது. சின்ன வயசில வந்தா ஏழடி உயரம் வளந்திருப்பாரு. இருபத்தஞ்சுக்குப் பிறகு எலும்பு நீளத்துக்குப் போக ஏலா, வழி மூடிரும். அதனால அகலத்துக்குப் போகும். தாடை, நெத்தி, கை, கால். நாக்குத் தடிக்கும், குரல் மாறும். எல்லாம் மெள்ள மெள்ள. கூட இருக்கிறவங்களுக்கே தெரியாது. பதினாலு வருஷம் காணாதவங்களுக்கு..."



"பக்கத்துல உள்ளது தெரியாம இடிக்கிறது?" என்று கேட்டாள் லவினா.

"கட்டி மேல வளந்து கண் நரம்பு குறுக்கே போற இடத்த நெருக்குது. முதல்ல ரெண்டு பக்கப் பார்வையும் போகும். ஆரம்பத்துல வந்திருந்தா மூக்கு வழியா எடுத்திருக்கலாம், ஊசி குடுத்திருக்கலாம். இப்ப..." படத்தை இன்னொரு முறை பார்த்தாள். "இவ்வளவு பெரிய கட்டிக்குள்ள எப்ப வேணுமெண்டாலும் இரத்தம் கசியலாம். கசிஞ்சா மத்தச் சுரப்பிகளுக்குப் போற அறிவிப்பெல்லாம் ஒரேயடியா நிண்டுரும். பிரஷர் விழும். அதுக்குப் பிறகு மணித்தியாலக் கணக்குத்தான். தலையிடியோட வாந்தி இருந்தா ஒரு நிமிஷமும் வச்சிருக்க வேணாம். இல்லாட்டியும் இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் லவினா சொன்னாள்: "சேர், அந்த அம்மா கேட்டதுக்குப் பதில் கிடைச்சிட்டு. மகனை யார் என்ன செய்தது எண்டு."

அது பகடியாகத் தொடங்கி, பாதியில் பகடியாக இல்லாமல் போனது.

*

றஸ்மியா வீட்டு மாடியறை கொட்டாஞ்சேனையில் இரண்டு கடைகளுக்கு நடுவில் மேலேறும் மரப்படியின் முடிவில் இருந்தது. கதவு திறந்திருந்தது. நெற்றியில் ஈரத்துவாயைப் போட்டுக்கொண்டு ஒருவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். கழுத்தில் நூல். நூலில் மோதிரம். மர்ஸூக் நேரே போய் நின்றதும் எழுந்து உட்கார்ந்தான். பக்கவாட்டில் நின்ற லவினாவை அவன் கவனிக்கவேயில்லை. அவள் தொண்டையைச் செருமியபோதுதான் திடுக்கிட்டான்.

"உங்க பேரு?" என்றார் மர்ஸூக்.

"சொன்னா நம்புவியளோ?" நாக்கு வாய்க்குள் இடம் போதாமல் திரும்பியது.

"வினோதன் எண்டு சொன்னா நம்புவேன்."

அவன் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். லவினா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு சொன்னான். 2015-இல் ஒரு நாள் படம் எடுத்து அனுப்பப் பார்த்தபோது தன் மூக்கு தனக்கே பிடிக்கவில்லை. வேலைக் களைப்பு, தூக்கமில்லை, முகம் வீங்கியிருக்கிறது என்று நினைத்தான். அடுத்த மாதம் அனுப்பலாம் என்று விட்டான். அடுத்த மாதமும் அதே வீக்கம். பிறகு ஒருநாள் போனில் அம்மா "ஆர் கதைக்கிறது? பிள்ளையிட்டைக் குடுங்கோ" என்றார். அதோடு கதைப்பதையும் விட்டான். அங்கே விசா இல்லாததால் எந்த டொக்டரிடமும் போகவில்லை. பிடிபட்டு உள்ளே இருந்தபோது போனும் போய்விட்டது. அப்பா செத்தது இங்கே வந்துதான் தெரியும்.

"முதல் நாள் வாசலில நிண்டு 'அம்மா' எண்டன். 'ஆரைப் பாக்க வந்தனீங்கள்?' எண்டா. நான் சிரிச்சன். விளையாடுறா எண்டு நினைச்சன்."

மர்ஸூக் டொக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னார். கட்டி எங்கே இருக்கிறது என்பதையும், ஏன் கால் வளர்ந்தது என்பதையும். வினோதன் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இது உடம்பு வருத்தமே? நான் ஏதோ பாவம் செய்தனான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

"வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம். தலையிடி எப்ப இருந்து?"

"எப்பவும் இருக்கிறதுதான்."

"வாந்தி இருக்கா?"

"இல்லை."

"எழும்புங்க."

அவன் அசையவில்லை. "அங்க முதல் கேள்வி பேர். ரெண்டாவது, சொந்தக்காரர் ஆர். பேரைச் சொன்னா அடையாள அட்டையைப் பாப்பினம். பாத்திட்டு என்னைப் பாப்பினம். எயார்போட்டில நாலு மணித்தியாலம் அந்தப் பார்வையைப் பாத்தனான். அம்மா ஒருக்கா ஓமெண்டு சொல்லட்டும். அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாறன். வெட்டினாலும் சரி, செத்தாலும் சரி."

லவினா கெஞ்சிப் பார்த்தாள். மர்ஸூக் ஏசிப் பார்த்தார். ஒரு ஆளை, அதுவும் அந்தப் பருமனுள்ள ஆளை, அவன் விருப்பமில்லாமல் மரப்படியில் இறக்க முடியாது. கடைசியில் லவினா அவனை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். "அம்மாவுக்குக் காட்ட" என்றாள். அவன் துவாயால் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, பற்கள் தெரியாமல் வாயை மூடி உட்கார்ந்தான்.

*

வெள்ளவத்தையில் வெளிச்சம் இன்னும் இருந்தது. கடல் பக்கமிருந்து ரயில் ஒன்று போகும் சத்தம் வந்தது. மர்ஸூக் மேசையில் சப்பாத்துகளைக் கவிழ்த்து வைத்துத் தேய்வுகளைக் காட்டினார். கட்டியைப் பற்றிச் சொன்னார். "அவரு உங்க மகன்தான்" என்று முடித்தார். ஜெகதீஸ்வரி அம்மா மயங்கி விழுவார், அல்லது கத்துவார், அல்லது வெளியே போகச் சொல்லுவார் என்று மூன்றுக்கும் மர்ஸூக் தயாராகவே வந்திருந்தார்.

"தெரியும்" என்றார் அம்மா.

லவினா கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"முதல் நாளே தெரியும். நான் ஏசினன். ஏசேக்கை வலக்காலால இடக்கால் கெண்டையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டான். அஞ்சு வயசில இருந்து நான் ஏசினா அப்பிடித்தான் நிப்பான்."

"அப்ப ஏன் எங்களக் கூப்பிட்டீங்க?" மர்ஸூக்கின் குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்கள் இல்லையெண்டு சொல்லுவியள் எண்டு. கெட்டிக்காரர் எண்டு சொன்னவை. எப்பிடியாவது ஒரு அத்தாட்சி கண்டுபிடிச்சு, இவன் வேற ஆள், உங்கட பிள்ளை வேற எங்கயோ அந்தப் படத்தில மாதிரியே நிக்கிறான் எண்டு சொல்லுவியள் எண்டு." மேசையில் கவிழ்ந்து கிடந்த எட்டாம் நம்பரை நிமிர்த்தி வைத்தார். "அந்த முகத்துக்குள்ள என்ர பிள்ளை நிக்கிறான். எனக்குத் தெரியுது. ஆனா பாக்கேலாமல் கிடக்கு. பெத்த தாய் நான், பாக்கேலாமல் கிடக்கு."



"அன்ரி, இப்ப வாங்க" என்றாள் லவினா மெதுவாக. "நீங்க வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாராம்."

"இப்ப வந்தா என்ர முகம் காட்டிக் குடுத்திடும். மூண்டு தரம் அவன் அதைப் பாத்திட்டான். நாலாவது தரம் பாக்கக் கூடாது." நிமிர்ந்து பார்த்தார். "அவன்ர படம் இருக்கோ உங்களிட்டை?"

லவினா போனைக் காட்டினாள்.

"அதை எனக்கு அனுப்புங்கோ. ஒரு இரவு தாங்கோ. பாத்துப் பாத்துப் பழகிறன். காலமை ஆறரைக்குக் கீழ நிப்பன்."

இன்றைக்கே என்று டொக்டர் சொன்னதை மர்ஸூக் மறக்கவில்லை. இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை சொல்லவில்லை. வாந்தி இல்லை என்றானே, ஒரு இரவுதானே என்று நினைத்தார்.

*

காலை ஆறரைக்கு அம்மா சொன்னபடியே கீழே நின்றார். இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை. கையில் தேத்தண்ணிப் பிளாஸ்க். கண்கள் சிவந்திருந்தன. முச்சக்கரவண்டியில் ஏறியதும் போனைத் திறந்து லவினாவிடம் நீட்டினார்.

"பிள்ளை, இந்தக் கண்ணைப் பார். கண் மாறேல்லை. விடிய நாலு மணிக்குத்தான் கண்டுபிடிச்சனான். கண்ணை மட்டும் பாத்தா முழு முகமும் சரியா வருது."

"ஓம் அன்ரி, வருது" என்றாள் லவினா. அவளுக்கும் உண்மையாகவே வந்தது.

கொட்டாஞ்சேனையில் மரப்படிக்குக் கீழே ஆட்கள் நின்றார்கள். மர்ஸூக் வண்டி நிற்குமுன் குதித்தார். வீட்டுக்காரி றஸ்மியா முக்காட்டு முனையை வாயில் அழுத்திப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"சுபஹுத் தொழுகைக்கு எழும்பிப் பாக்கக்குள்ள கீழ விழுந்து கிடந்தாரு. கை பச்சத்தண்ணி மாதிரிக் குளிர்ந்து போயிருந்திச்சு. முந்தாநாளிலருந்து வாந்தி. உங்களுக்கிட்டச் சொல்ல வேணாண்டு சொன்னாரு. சொன்னா அம்மா வர முந்தியே தூக்கிட்டுப் போயிருவீங்களாம்."

 தடுக்க வேண்டும் என்று மர்ஸூக்குக்குத் தோன்றுவதற்குள் ஜெகதீஸ்வரி அம்மா படியேறிவிட்டார்.

மேலே ஒரு பொலிஸ்காரர் குறிப்புப் புத்தகத்தோடு நின்றார். வினோதனை நிமிர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்தார். நெற்றியை, தாடையை, பரந்த மூக்கை. ஒரு முறையும் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் அவனுடைய ஒரு கையைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

"மெயா கவுத?" என்று பொலிஸ்காரர் கேட்டார். இவர் யார் என்று.

"மகே புதா" என்றார் அம்மா. என் மகன்.

பொலிஸ்காரர் மேசையிலிருந்த பழைய அடையாள அட்டையை எடுத்தார். படத்தைப் பார்த்தார். கீழே கிடந்தவனைப் பார்த்தார். அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"மே எயா நெமெய், அம்மே." இது அவர் இல்லையே, அம்மா.

"அவர்தான். நான் சொல்லுறன்."

மர்ஸூக் முன்னால் வந்தார். சிங்களத்தில் கட்டியைப் பற்றி, சுரப்பியைப் பற்றி, டொக்டரைப் பற்றிச் சொன்னார்.  பொலிஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். டொக்டர் இவரை நேரில் பார்த்தாரா என்று கேட்டார். இல்லை என்று மர்ஸூக் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஆளைப் பற்றி முன்பு பொலிசில் முறைப்பாடு ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டார். அம்மாவே கொடுத்திருக்கிறார் என்று அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கவலையில் இருக்கிறீர்கள் அம்மா, விசாரணையில் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தில் எழுதினார்.

லவினா அவருடைய தோளுக்கு மேலால் வாசித்தாள்.

"என்ன பிள்ளை எழுதினவர்?"

லவினா இன்னொரு முறை வாசித்தாள்.

"சொல்லு."

"இனந்தெரியாத ஆண். வயது நாப்பதுக்கும் அம்பதுக்கும் இடையில."

"பிழை. வெட்டச் சொல்லு. சிவபாலன் வினோதன் எண்டு எழுதச் சொல்லு. நாப்பது வயசு எண்டு எழுதச் சொல்லு." அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். பிறகு தமிழில் சொன்னார். பிறகு வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, அவர்களுக்கும் சொன்னார். "நான் பெத்த தாய். எனக்குத் தெரியாதே?"

பொலிஸ்காரர் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வண்டி வந்துவிட்டதா என்று சன்னலால் எட்டிப் பார்த்தார்.